தோட்டத்துப் பட்டறை: களைவெட்டி, நடவு உருளை, கமான் பட்டை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடையில் வாங்கும் களைக்கருவி யாரோ ஒருவரின் வரிசை இடைவெளிக்கும் யாரோ ஒருவரின் உயரத்துக்கும் செய்தது. நம் வயலுக்கும் நம் ஆளுக்கும் பொருந்தும்படி செய்துகொள்ள ஒரு சிறிய வெல்டிங் மெஷினும் கிரைண்டரும் போதும். சிறு, குறு விவசாயிகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கைக்கருவிகளைப் பற்றியே அதிகம் பேசுகிறோம்.

எதை வீட்டில் செய்யலாம், எதில் கை வைக்கக்கூடாது?

ஆள் தள்ளுவது, ஆள் இழுப்பது, அசையாமல் நிற்பது ஆகிய மூன்றையும் தாராளமாகச் செய்யலாம். சக்கரக் களைவெட்டி, நடவுக்குக் கோடு போடும் உருளை, மடை அடைக்கும் தகடு, தீவனத் தொட்டிச் சட்டம் எல்லாம் இதில் அடங்கும். இவற்றில் வெல்டிங் விட்டுப்போனால் வேலை நிற்கும், அவ்வளவுதான்.

வேகமாகச் சுற்றுவதும் அழுத்தம் தாங்குவதும் வேறு கணக்கு. தீவன வெட்டியின் கத்தி பூட்டிய சக்கரம், டிராக்டர் பி.டி.ஓ. தண்டு (பின்னால் மாட்டும் கருவியைச் சுற்றவைப்பது), ஏர் கம்ப்ரசர் டேங்க், ஹைட்ராலிக் சிலிண்டர், டிரெய்லர் கொக்கி ஆகியவற்றைப் பட்டறையில் ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள். சுற்றும் சக்கரத்தில் ஒரு விரிசல் எப்போது விடும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. விடும்போது அருகில் யார் நிற்பார்கள் என்றும் சொல்ல முடியாது.

எந்த மெஷின், எந்த ராடு?

சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட்டில் ஓடும் 200 ஆம்ப் இன்வெர்ட்டர் மெஷின் போதும். நாலைந்து கிலோவுக்குள் இருக்கும், தோளில் மாட்டிக்கொண்டு போகலாம். பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் கெட்டியானதுதான். ஆனால் அது இழுக்கும் கரண்டுக்குக் கிராமத்து லைன் தாக்குப்பிடிக்காது.

ராடு (வெல்டிங்கில் உருகி இணைக்கும் மேல்பூச்சுக் கம்பி) இ6013. கடையில் "சாதா ராடு" என்றாலே பெரும்பாலும் இதைத்தான் கொடுப்பார்கள். அட்டைப் பெட்டியின் மேல் எண் இருக்கும், பார்த்து வாங்குங்கள். 2.5 மி.மீ. தடிமன் ராடிலேயே தோட்டத்து வேலை முக்கால்வாசி முடிந்துவிடும். 5 மி.மீ.க்கு மேல் தடித்த இரும்புக்கு 3.15 மி.மீ. ஒரு பாக்கெட் வைத்துக்கொள்ளலாம். பிரித்த பாக்கெட்டை மழைக்காலத்தில் திறந்து போட்டால் மேல்பூச்சு ஈரம் குடித்துவிடும். வெல்டிங் பொரிப்பொரியாகத் தெறிப்பதற்கும் உள்ளே துளை விழுவதற்கும் இதுதான் காரணம். மூடி இறுகும் பி.வி.சி. குழாயில் போட்டு வையுங்கள். ஈரம் ஏறிய ராடை 100 டிகிரி அளவு சூட்டில் ஒரு மணி நேரம் காயவைத்தால் திரும்பப் பயன்படும்.

பம்ப்செட்டுக்கு வந்த இலவச மின்சாரத்தில் வெல்டிங் வைக்கலாமா?

கூடாது. அந்த இணைப்பு பாசனத்துக்கு என்று கொடுத்தது. அனுமதித்த பயன்பாட்டுக்கு மாறாக மின்சாரம் எடுப்பது மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-ன் கீழ் வருகிறது. அதற்குரிய கட்டணத்தின் இரண்டு மடங்கு விகிதத்தில் கணக்குப் போட்டு வசூலிப்பார்கள். "அரை மணி நேர வேலைதானே" என்ற சமாதானம் அங்கே செல்லாது. வீட்டு இணைப்பில் வைப்பதானாலும் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் என்றால் 2.5 மி.மீ. ராடுக்கு 5 கே.வி.ஏ. இருந்தால் திணறாது.

ராடு ஒட்டிக்கொள்கிறது, தீ பிடிப்பதே இல்லை. மெஷின் கோளாறா?

பெரும்பாலும் ஒயர்தான் கோளாறு. 75 ஆம்ப்பில் வெல்டிங் வைக்கும்போது மெஷின் பிளக்கில் ஏறத்தாழ 15 ஆம்ப் இழுக்கும். வீட்டிலிருந்து களத்துக்கு 50 மீட்டர் தூரம் என்று வையுங்கள். 1 சதுர மி.மீ. செம்பு ஒயரில் போக வரச் சேர்த்து 28 வோல்ட் வழியிலேயே தொலையும். 4 சதுர மி.மீ. ஒயரில் 7 வோல்ட்தான். ஏற்கெனவே 190 வோல்ட் வரும் ஊரில் மெல்லிய ஒயரைப் போட்டால் மெஷினுக்கு 160 போய்ச் சேரும். அதில் எந்த மெஷினும் இருமும். ஒயரைச் சுருளோடு வைத்து ஓட்டினால் சுருளே சூடேறி உருகும், முழுக்க விரித்துப் போடுங்கள்.

ஒயர் சரியென்றால் அடுத்து எர்த் கிளாம்ப்பை (மெஷினின் இன்னொரு ஒயரை இரும்போடு கடிக்கவைக்கும் கவ்வி) பாருங்கள். துருவின் மேலும் பெயிண்ட்டின் மேலும் கிளாம்ப்பைக் கடிக்கவிட்டு, ராடைக் குறை சொல்பவர்கள் நிறைய. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பளிச்சென்று தேய்த்துவிட்டு மாட்டுங்கள். அதன் பிறகும் ஒட்டினால் ஆம்ப்பை ஐந்து ஐந்தாகக் கூட்டிப் பாருங்கள்.

எத்தனை ஆம்ப் வைப்பது?

2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90, 3.15 மி.மீ. ராடுக்கு 90 முதல் 130. 3 மி.மீ. பட்டைக்கு 2.5 ராடில் 70-ல் ஆரம்பியுங்கள், 6 மி.மீ. பட்டைக்கு 85. ராடு முனைக்கும் இரும்புக்கும் இடையே ராடின் தடிமன் அளவுக்கே இடைவெளி. வாணலியில் வடகம் பொரிவது போல் விடாமல் ஒரே சத்தம் வந்தால் சரி. விட்டு விட்டுத் தடதடத்தால் முனை தூரமாக இருக்கிறது.

ஆறியதும் கசடைத் தட்டிப் பாருங்கள். கசடு தானாக ஓடு போல் கழன்று, அடியில் நெருக்கமான பிறை பிறையான வரிகள் தெரிந்தால் நல்ல வெல்டிங். கயிறு போட்டது மாதிரி மேலே உருண்டு நின்றால் சூடு போதவில்லை. அது இரும்பின் மேல் உட்கார்ந்திருக்கிறதே தவிர உள்ளே இறங்கவில்லை, ஒரு சுத்தியல் அடிக்குப் பெயர்ந்துவிடும். ஓரத்தில் பள்ளம் விழுந்தால் சூடு அதிகம்.

பழைய சைக்கிள் பைப்பும் இரும்பு நாற்காலிக் காலும் மெல்லியவை. தொடர்ந்து இழுத்தால் ஓட்டை விழும். ஒரு புள்ளி வைத்து, சிவப்பு மறையும் வரை பொறுத்து, அதன் மேல் பாதி ஏறும்படி அடுத்த புள்ளி என்று போங்கள். இல்லையென்றால் அந்த இடத்தில் வெல்டிங்கையே தவிர்த்து போல்ட் போடுங்கள்.

இரும்புக் கடையில் எடைக்கு எடை போடுகிறார்கள். எவ்வளவு வரும் என்று முன்கூட்டி எப்படிக் கணக்குப் போடுவது?

உருட்டுக் கம்பிக்கு, மி.மீ.யில் உள்ள தடிமனை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் கிலோ எடை. 8 மி.மீ. கம்பி: 64 ÷ 162 = 0.395 கிலோ. பட்டைக்கு அகலம் × தடிமன் × 0.00785. 25 × 6 பட்டை மீட்டருக்கு 1.18 கிலோ. தகட்டுக்கு ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் சதுர மீட்டருக்கு 7.85 கிலோ.

காசுக் கணக்குக்கு மட்டுமல்ல, இது கருவியின் கனத்துக்கும் உதவும். "கெட்டியாக இருக்கட்டும்" என்று 8 மி.மீ. போதும் இடத்தில் 12 மி.மீ. போட்டால் எடை இரண்டேகால் மடங்கு ஏறும். அதைச் சேற்றில் நாள் முழுக்க இழுக்கப்போவது ஒரு ஆள்.

சைக்கிள் சக்கரத்தில் களைவெட்டி செய்ய என்னென்ன வேண்டும்?

நிலக்கடலை, சோளம், பருத்தி போன்ற வரிசைப் பயிர்களுக்கு, காய்ந்த நிலத்தில் தள்ளிக்கொண்டு போகும் ஒற்றைச் சக்கரக் கருவி இது. வேண்டியவை:

20 அங்குலக் குழந்தை சைக்கிளின் முன் சக்கரம், அச்சோடு.
25 × 6 மி.மீ. பட்டை 2 மீட்டர்.
முக்கால் அங்குலக் கறுப்பு பைப் 2.8 மீட்டர். ஜி.ஐ. வேண்டாம், காரணம் பின்னால்.
25 × 25 × 3 ஆங்கிள் 20 செ.மீ.
10 மி.மீ. போல்ட் எட்டு, 8 மி.மீ. தலை பதியும் போல்ட் இரண்டு.
பழைய ஜீப் அல்லது மினி லாரி கமான் பட்டை (வண்டியின் எடை தாங்கும் வளைந்த ஸ்பிரிங் பட்டை) ஒரு துண்டு, 20 செ.மீ. நீளம்.

பெரியவர்கள் ஓட்டும் 28 அங்குலச் சக்கரம் கட்டி மேல் எளிதாக ஏறும். ஆனால் அச்சு உயரத்தில் இருப்பதால் கத்தியின் தண்டு நீண்டுவிடுகிறது, ஒரு கல்லில் மோதினால் வளையும். 20 அங்குலத்தில் அச்சு தரையிலிருந்து 25 செ.மீ.தான்.

பட்டையில் 45 செ.மீ. துண்டு இரண்டு வெட்டி, அச்சின் இருபுறமும் மாட்டித் தரைக்கு இணையாகப் பின்னோக்கி நீட்டுங்கள். துளையின் அளவை அச்சை வைத்துப் பார்த்தே போடுங்கள். அச்சிலிருந்து 35 செ.மீ. பின்னால் இரண்டு பட்டைகளையும் ஆங்கிள் துண்டுகளால் குறுக்கே இணைக்க வேண்டும். கத்தித் தண்டு நிற்கும் இடம் அது. டயருக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு கை அகலம் இருந்தால் போதும். அதிகமானால் கைப்பிடியை அழுத்தும்போது சக்கரம் மேலே தூக்கும்.

கைப்பிடி பைப்பை 1.4 மீட்டராக இரண்டு வெட்டுங்கள். ஒரு முனையைச் சூடேற்றித் தட்டையாக அடித்து, அச்சிலிருந்து 15 செ.மீ. பின்னால் ஒவ்வொரு பட்டையிலும் ஒன்றாக போல்ட் போட்டு மாட்டுங்கள். மேல் முனையில் கடைசி 15 செ.மீ.யை வளைத்தால் பிடி. பட்டையின் வால் முனையிலிருந்து கைப்பிடிக்கு ஒரு தாங்கு பட்டை, 30 செ.மீ. நீளம், 2.5 செ.மீ.க்கு ஒரு துளையாக நாலு துளை. துளையை மாற்றினால் பிடியின் உயரம் மாறும். பிடி தள்ளுபவரின் தொப்புள் உயரத்தில் இருக்க வேண்டும், இரு பிடிக்கும் நடுவே 45 முதல் 50 செ.மீ. களை எடுப்பதில் பெரும்பகுதி பெண்களின் உழைப்பு. கருவியின் பிடியோ ஆண் உயரத்துக்கு நிற்கிறது. தோள்வலி என்று அவர்கள் கருவியை ஓரங்கட்டுவதற்கு அந்த ஒரு சாண் வித்தியாசம் போதும். நாலு துளை போடும் வேலையைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள்.

தண்டுக்கு அதே 25 × 6 பட்டையில் 40 செ.மீ. துண்டு. பட்டையின் 25 மி.மீ. பக்கம் ஓடும் திசையில் இருக்கட்டும், அப்போதுதான் வளையாது. அடியில் அதே பட்டையில் ஒரு சிறு பாதம் வைத்து வெல்டிங் செய்து, பாதம் முன்பக்கம் சரியும்படி 15 முதல் 20 டிகிரி சாய்வு கொடுங்கள். அதன் அடியில் கத்தி. போல்ட் தலை கத்தியின் அடிப்புறத்தில் பதிந்து மட்டமாக இருக்க வேண்டும், நட் மேலே. கத்தி 20 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், கூர் மேல்பக்கச் சாய்வில். 30 செ.மீ. வரிசையில் விதைத்த நிலக்கடலைக்கு இருபுறமும் 5 செ.மீ. விட்டுக் கத்தி போகும். 60 செ.மீ. சோளத்துக்கு இரண்டு ஓட்டம்.

டியூபில் காற்று அடிக்காதீர்கள். சீமைக்கருவேல முள் உள்ள நிலத்தில் வாரம் ஒரு பஞ்சர் உறுதி. டயருக்குள் பழைய ரப்பர் ஹோஸைச் சுற்றளவுக்கு வெட்டித் திணித்துவிட்டால் போதும். டயரே இல்லாமல் வெறும் ரிம்மை ஓட்டினால் மணலில் புதையும்.

செய்தாகிவிட்டது, ஆனால் கத்தி குதிக்கிறது. சில சமயம் மண்ணுக்குள் இறங்கி நின்றுவிடுகிறது.

குதித்தால் கூர் மழுங்கியிருக்கும், அல்லது சாய்வு 10 டிகிரிக்கும் குறைவு. இறங்கி நின்றால் சாய்வு அதிகம். பாதத்துக்கும் கத்திக்கும் நடுவே, முன் போல்ட்டில் ஒரு வாஷரைச் சொருகினால் சாய்வு இரண்டு மூன்று டிகிரி கூடும், பின்பக்கம் சொருகினால் குறையும். ஆழம் 2 முதல் 3 செ.மீ. போதும். களையின் கழுத்தை அறுத்தால் சரி, உழ வேண்டியதில்லை.

ஒரே தள்ளாகத் தள்ளுவதும் தவறு. ஓரடி தள்ளி, அரையடி இழுத்து, மறுபடி தள்ளுவதுதான் முறை. இழுக்கும்போது கத்தி மேல் தங்கிய களை உதிரும். நீர் பாய்ச்சிய மறுநாள் ஓட்டினால் மண் அப்பும். கையில் பிடித்தால் உருண்டு, தட்டினால் உதிரும் பதமே ஓட்டும் பதம். நிலக்கடலையில் 45 நாளுக்குப் பிறகு ஓட்டவே கூடாது, காய் பிடிக்கும் விழுது மண்ணுக்குள் இறங்கியிருக்கும்.

ஒற்றை நாற்று நடவுக்கு, 25-க்கு 25 கட்டம் போடும் உருளை எப்படிச் செய்வது?

செம்மை நெல் சாகுபடியில் (ஒற்றை நாற்றை அகல இடைவெளியில் நடும் முறை) நாற்றைச் சதுரமாக நட்டால்தான் களைக்கருவியை நெடுக்கிலும் குறுக்கிலும் ஓட்ட முடியும். கயிறு கட்டி நட்டால் ஒரு திசைதான் நேராக வரும். உருளை ஒரே இழுப்பில் இரண்டு திசைக் கோடும் போடுகிறது.

சூட்சுமம் அறுகோணத்தில் இருக்கிறது. அறுகோணத்தின் பக்கமும், நடுவிலிருந்து மூலைக்கு உள்ள தூரமும் ஒன்றே. அதனால் 25 செ.மீ. பக்கம் உள்ள அறுகோணம் செய்ய அளவுகோலே வேண்டாம். சிமென்ட் தரையில் ஒரு ஆணி, 25 செ.மீ. கயிறு, சாக்பீஸ் கொண்டு வட்டம் போடுங்கள். அதே கயிற்று நீளத்தை வட்டத்தின் மேல் ஆறு முறை வைத்தால் ஆறு மூலையும் கிடைத்துவிடும். கம்பியை அந்தக் கோட்டின் மேல் வைத்தே வளைத்து, முனைகளை வெல்டிங் செய்யுங்கள்.

இப்படி ஆறு அறுகோணங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே 25 செ.மீ. விட்டு வரிசையாக நிறுத்தி, ஆறு மூலைகளையும் 1.25 மீட்டர் நீளக் கம்பிகளால் குறுக்கே இணைக்க வேண்டும். உருளும்போது அறுகோணத்தின் பக்கம் சேற்றில் படிந்து நெடுக்குக் கோடு, மூலைக் கம்பி படிந்து குறுக்குக் கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் நாற்று. அறுகோணங்களுக்கு 9 மீட்டர், குறுக்குக்கு 7.5 மீட்டர், முதல், நடு, கடைசி அறுகோணங்களின் ஆரக்கம்பிகளுக்கு 4.5 மீட்டர். மொத்தம் 21 மீட்டர், 8 மி.மீ. கம்பியில் 8.3 கிலோ. 10 மி.மீ. போட்டால் 13 கிலோ, தேவையில்லை. நடுவில் ஒரு அங்குலக் கறுப்பு பைப், அதற்குள் 20 மி.மீ. கம்பி அச்சு, அச்சின் இரு முனையிலிருந்தும் இழுக்கும் கைப்பிடி.

கெடுவது ஓரிடத்தில்தான். ஒரு அறுகோணத்தை முழுக்க வெல்டிங் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் சூடு இழுத்து உருளை முறுக்கிக்கொள்ளும். முதலில் எல்லா இணைப்பிலும் ஒரே ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். மூலைமட்டம் வைத்துப் பாருங்கள், தரையில் உருட்டிப் பாருங்கள். கோணல் இருந்தால் இந்த நிலையில் கையாலேயே திருத்தலாம். பிறகு எதிர் எதிர் மூலையாக மாற்றி மாற்றி முழு வெல்டிங்.

வயலில் தண்ணீர் நின்றால் கோடு கரைந்துவிடும். சேறு அடித்து மட்டப்படுத்தித் தண்ணீரை வடித்து, சேறு படிந்த பிறகு இழுங்கள். களிமண் படிய ஒரு நாள்கூட எடுக்கும். சீக்கிரம் இழுத்தால் சேறு கம்பியோடு எழுந்து வரும். முதல் ஓட்டத்துக்கு மட்டும் வரப்போரம் ஒரு கயிறு கட்டி அதை ஒட்டி இழுங்கள். அடுத்தடுத்த ஓட்டங்களில் கடைசி அறுகோணம் முந்தைய கடைசிக் கோட்டின் மேலேயே போக வேண்டும்.

கோனோ வீடரின் கூம்பு சுற்றாமல் சறுக்கிக்கொண்டே போகிறது.

கோனோ வீடர் என்பது நெல் வரிசைக்கு நடுவே தள்ளும்போது பல் வைத்த கூம்புகள் உருண்டு களையை அமுக்கும் கருவி. வயலில் தண்ணீர் இருக்கிறதா பாருங்கள். 2, 3 செ.மீ. தண்ணீர் இல்லாத வயலில் சேறு கூம்பில் அப்பிச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் இருந்தும் சுற்றவில்லை என்றால் புஷ் (அச்சைத் தாங்கும் வளையம்) தேய்ந்து போயிருக்கும். வெண்கல புஷ்ஷில் கிரீஸ் வைத்தாலும் சேற்றுத் தண்ணீர் அதைக் கழுவி, மணலை உள்ளே தள்ளி அச்சைத் தின்கிறது. லேத் பட்டறையில் நைலான் கட்டையில் புஷ் கடைந்து போட்டுவிடுங்கள், அது தண்ணீரிலேயே வழுக்கும். அச்சுக்கும் புஷ்ஷுக்கும் அரை மி.மீ. இடைவெளி விடச் சொல்லுங்கள். நைலான் தண்ணீர் குடித்து ஊதும், இறுக்கமாகக் கடைந்தால் பிடித்துக்கொள்ளும்.

முன்னால் இருக்கும் மிதவை மூக்கு சேற்றில் குத்தினால் அதன் கோணத்தை ஒரு துளை மேலே ஏற்றுங்கள். நடவு செய்த பத்தாம் நாள் தொடங்கிப் பத்து நாளுக்கு ஒரு முறை ஓட்டினால் களை சின்னதாக இருக்கும்போதே அமுங்கும். இருபதாம் நாள் ஆரம்பித்துவிட்டுக் கருவியைத் திட்டிப் பயனில்லை.

கமான் பட்டையில் கத்தி செய்கிறோம், ஒன்று வளைகிறது, இன்னொன்று ஒடிகிறது. என்ன தவறு?

சாதா இரும்பைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் கெட்டிப்படாது, அதில் கரி (கார்பன்) குறைவு. கமான் பட்டையில் கரி அரை சதவீதத்துக்கு மேல். அதனால்தான் தோய்ச்சல் ஏறுகிறது. அதனால்தான் தப்பாகச் சூடு போட்டால் கண்ணாடி போல் ஒடிகிறது.

வளையும் கத்தி: கிரைண்டரில் தேய்க்கும்போது ஓரம் நீலம் பாய்ந்துவிட்டது. அந்த இடத்தில் இருந்த கெட்டித்தன்மை இறங்கிவிட்டது. ஐந்து விநாடி தேய்த்தால் ஒரு முறை தண்ணீரில் முக்குங்கள். விரலால் தொட முடியாத சூடு வரவே கூடாது.

ஒடியும் கத்தி: தண்ணீரில் தோய்த்தது, அல்லது தோய்த்த பின் சூட்டை இறக்காமல் விட்டது.

துளை போடுவதற்கு முன் முதலில் பட்டையை இளக்க வேண்டும். சிவக்கக் காய்ச்சி, அடுப்புச் சாம்பலில் புதைத்து, விடியும் வரை விட்டுவிடுங்கள். இதைச் செய்யாமல் துளை போட்டால் டிரில் பிட் முனை கருகும். வெட்டி, துளையிட்டு, முக்கால் கூர் வைத்த பிறகு தோய்ச்சல். கரி அடுப்பு, ஒரு சிறு புளோவர். நிழலில் நின்று பாருங்கள், வெயிலில் நிறம் ஏமாற்றும். காந்தத்தைக் கம்பியில் கட்டி அவ்வப்போது தொடுங்கள். ஒட்டுவது நிற்கும் சூட்டுக்கு மேல் இன்னும் கொஞ்சம், அதாவது 850 டிகிரி அளவு, நிறம் ஆரஞ்சு நோக்கிப் போகும். இரண்டு நிமிடம் அந்தச் சூட்டிலேயே வைத்து, கூர் கீழே இருக்கும்படி நேராக எண்ணெய்க்குள் இறக்குங்கள்.

எண்ணெய் நாலு லிட்டர், இரும்புப் பாத்திரத்தில், கை பொறுக்கும் சூட்டில். மலிவான கடலை எண்ணெய் கசண்டு போதும். பழைய இன்ஜின் ஆயில் வேண்டாம், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. தீப்பிடித்தால் மூட ஒரு இரும்பு மூடி பக்கத்திலேயே இருக்கட்டும், தண்ணீர் ஊற்றக்கூடாது.

ஆறியதும் அரத்தால் ஒரு இழுப்பு இழுங்கள். அரம் பிடிக்காமல் வழுக்கினால் தோய்ச்சல் ஏறிவிட்டது. இப்போது கத்தி ஒரு தட்டுக்கு ஒடியும் நிலையில் இருக்கிறது, அன்றைக்கே சூட்டை இறக்க வேண்டும். ஒரு பக்கத்தை உப்புக் காகிதத்தில் வெள்ளி போல் தேய்த்து, காய்ந்த தடித்த இரும்புத் தகட்டின் மேல் முதுகுப் பக்கம் படும்படி வையுங்கள். நிறம் முதுகிலிருந்து கூருக்கு ஓடிவரும். முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, அடுத்து கத்திரிப்பூ, கடைசியில் நீலம். அரிவாளுக்குக் கூரில் பழுப்பு வந்ததும் எடுத்துத் தண்ணீரில் ஆற்றலாம். கல்லில் மோதும் களைவெட்டிக்கு நீலம் வரும்வரை பொறுங்கள்.

கமான் பட்டையைத் தண்டோடு நேராக வெல்டிங் செய்துவிட்டால் என்ன?

வெல்டிங்கை ஒட்டி, ஒரு நூல் தள்ளி விரிசல் விடும். சில சமயம் ஆறும்போதே "டிக்" என்று கேட்கும். செய்தே ஆக வேண்டும் என்றால் இ7018 ராடு, அதை 300 டிகிரிக்கு மேல் காயவைத்திருக்க வேண்டும், பட்டையை 200, 250 டிகிரிக்குச் சூடேற்றிக்கொண்டு வைத்து, பிறகு சாம்பலில் புதைத்து ஆறவிட வேண்டும். இவ்வளவும் செய்தால் ஏற்றிய தோய்ச்சல் வெல்டிங்கை ஒட்டி இறங்கிவிடும். இரண்டு போல்ட்டில் முடியும் வேலை இது. மழுங்கினால் கழற்றி மாற்றவும் போல்ட்தான் வசதி.

ரோட்டவேட்டர் பிளேடு, கல்டிவேட்டர் கொழு தேய்ந்தால் வெல்டிங் வைத்து வளர்க்கலாமா?

கொழுவுக்கு வைக்கலாம். ஹார்டுஃபேசிங் ராடில் (எளிதில் தேயாத கெட்டிப் படலம் போடும் ராடு), முனையிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு ஒரே அடுக்கு. ரோட்டவேட்டர் பிளேடுக்கு வேண்டாம். அது தோய்ச்சல் ஏற்றி வருவது. போல்ட் துளைக்கு அருகில் சூடு பட்டால் ஓடும்போது ஒடிந்து தெறிக்கும்.

கருவியை டிராக்டரிலிருந்து கழற்றாமலே வெல்டிங் வைக்கலாமா?

கழற்றுவது நல்லது. முடியாதென்றால் பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்ப்பை வெல்டிங் வைக்கும் அதே துண்டில், ஒரு சாண் தூரத்துக்குள் மாட்டுங்கள். கிளாம்ப்பை எங்கோ மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் பாயும். பேரிங் குண்டுகளில் ஊசி முனைக் குழிகள் விழுந்து, அடுத்த சீசனில் சத்தம் போட ஆரம்பிக்கும். காரணம் அப்போது யாருக்கும் நினைவில் இருக்காது.

ஜி.ஐ. பைப்பை ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

அதன் மேல்பூச்சு துத்தநாகம். வெல்டிங் சூட்டில் ஆவியாகி வெள்ளைப் புகையாக வரும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர் நடுக்கம், காய்ச்சல், உடம்பு வலி. ஃப்ளூ என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகும், மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பால் குடித்தால் புகை முறியும் என்பது வெறும் நம்பிக்கை. வேறு பைப் இல்லையென்றால் இணைப்பின் இருபுறமும் 5 செ.மீ. பூச்சைத் தேய்த்து எடுத்து, வெட்டவெளியில், காற்று முதுகுப்பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கும்படி நின்று வையுங்கள்.

பழைய டீசல் டிரம்மை வெட்டித் தொட்டி ஆக்கலாமா?

கழுவிய டிரம்மும் வெடிக்கும். மடிப்புக்குள் ஒட்டியிருக்கும் கொஞ்சம் எண்ணெயே சூட்டில் ஆவியாகி உள்ளே நிரம்பும். வெல்டிங், கிரைண்டர் இரண்டுமே கூடாது. பூச்சிமருந்து டிரம் என்றால் அதன் நஞ்சு மாட்டுத் தொட்டிக்கே வந்துவிடும், எந்தக் கழுவலும் உதவாது. தொட்டிக்குப் புதுத் தகடு வாங்குங்கள்.

இரவில் கண்ணில் மணல் போட்டது போல் உறுத்துகிறது. வெளிச்சத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லையே?

பார்க்க வேண்டியதில்லை. பக்கத்தில் பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்கும் வரும். வெயிலில் தோல் கருகுவது போல் கண்ணின் மேல்படலம் கருகுகிறது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தெரியும். குளிர்ந்த துணியை மூடிய கண் மேல் போட்டு இருட்டில் படுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் ஊற்ற வேண்டாம். மரத்துப்போகும் சொட்டு மருந்தைக் கடையில் நீங்களாக வாங்கி ஊற்றினால் புண் ஆறுவது தள்ளிப்போகும். ஒரு நாளில் குறையாவிட்டால் கண் மருத்துவர்.

2.5 மி.மீ. ராடுக்கு 10-ஆம் எண் கண்ணாடி, 3.15-க்கு 11. குளிர்கண்ணாடி எதற்கும் ஆகாது. முழுக்கைப் பருத்திச் சட்டை போடுங்கள், பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். ஈரக் களத்தில் வெறுங்காலோடு நின்று ராடு மாற்றாதீர்கள். ஹோல்டரில் சும்மா இருக்கும்போதும் 60, 80 வோல்ட் உண்டு, வியர்த்த உடம்புக்கு அது குறைவில்லை.

கிரைண்டரில் மரம் வெட்டும் பல் பிளேடு போடலாமா?

போடக்கூடாது. நாலு அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றுக்கு மேல் ஓடும். பல் மரத்தில் கடித்தால் கிரைண்டர் தொடைக்கோ கழுத்துக்கோ திரும்பும். மூடியைக் கழற்றிவிட்டு ஐந்து அங்குல வட்டு போடுவதும் இதே ரகம். வெட்டும் மெல்லிய வட்டைப் படுக்கவைத்துத் தேய்த்தால் அது பிளந்து தெறிக்கும், தேய்க்கத் தடித்த வட்டு தனியாக இருக்கிறது. வட்டின் நடுவளையத்தில் காலாவதி மாதம் அச்சிட்டிருக்கும், ஈரத்தில் கிடந்த வட்டையும் காலாவதியானதையும் தூக்கிப் போடுங்கள்.

பெயிண்ட் எதற்கு, எங்கே?

கசடையும் தெறித்த குண்டுகளையும் கம்பி பிரஷ்ஷால் எடுத்து, தின்னரில் துடைத்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு ஒரு கோட். மறுநாள் எனாமல். ஒரு இரவு விட்டாலே பனியில் துரு பூக்கும், அதன் மேல் அடித்த பெயிண்ட் உரிந்துவரும். திறந்த பைப் முனைகளை அடைத்துவிடுங்கள், தண்ணீர் இறங்கி உள்ளிருந்து அரிக்கும். கத்திக்கும் அச்சுக்கும் பெயிண்ட் வேண்டாம். வேலை முடிந்ததும் மண்ணைக் கழுவித் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு தடவல், பிறகு தரையில் படாமல் சுவரில் மாட்டிவிடுங்கள்.